நூர்ஹாச்சிக்கு ஆறு தலைமுறை முன்னாடி: மோங்கே தெமூர் குடும்பம் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவ 1644-ல இருந்து 1912 வரைக்கும் ஆண்ட சிங் வம்சத்த பத்தி பேசுறவங்க பெரும்பாலும் அந்த அரசுக்கு அடித்தளம் போட்ட நூர்ஹாச்சில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அவருக்கு முன்னாடி இருந்த குடும்பம் ஒரு வரில முடிஞ்சிடும். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமா படுது, ஏன்னா அந்த வம்சம் நேர்கோட்டுல வந்த வம்சம் இல்ல, நடுவுல ரெண்டு மூணு தடவ அறுந்தே போயிருக்கணும், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் தப்பிச்சதாலதான் தொடர்ந்துச்சு. இதப்பத்தி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

மோங்கே தெமூர் யாரு? சுருக்கமா சொல்லுங்க

ஜுர்ச்சென் மக்கள்ல ஒதோலின்னு ஒரு கூட்டம், அதோட தலைவர். 1370 வாக்குல பொறந்தவர், 1433-ல கொல்லப்பட்டார். மஞ்சு மொழில இவர மெந்தெமுன்னு சொல்லுவாங்க. சிங்குக்கு முன்னாடி சீனாவ ஆண்ட மிங் அரசு கொடுத்த பட்டப்படி இவர் 'ஜியான்ஜோ இடது வெய்'யோட தலைவர். வெய்ன்னா ஏட்டுல ஒரு காவல் படைப்பிரிவு, ஆனா நடைமுறைல அந்த பேர்ல இருந்தது இவரோட சொந்தக் கூட்டம்தான், மிங் அரசு வேத்தாள அனுப்பி அத நடத்தல. நூர்ஹாச்சி இவருக்கு ஆறாவது தலைமுறை வாரிசு.

ஜுர்ச்சென்னா யாரு, மஞ்சுவும் இவங்களும் ஒண்ணா?

ஒண்ணுதான். இன்னைக்கு வடகிழக்கு சீனா, வட கொரியாவோட வட ஓரம், ரஷ்யாவோட கிழக்கு ஓரம், இந்த காட்டுப் பகுதில இருந்தவங்க. வேட்டை, மீன்பிடி, கொஞ்சம் விவசாயம், குதிரை, சேபிள் தோல், ஜின்செங் கிழங்கு, இதுதான் பொழப்பு. இவங்கள்ல ஒரு கூட்டம் 1115-ல ஜின் பேரரச உண்டாக்கி வட சீனாவ ஆண்டுச்சு, 1234-ல மங்கோலியர் அத அழிச்சாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் சிதறித்தான் கிடந்தாங்க. 1635-ல நூர்ஹாச்சியோட மகன் ஹோங் தாய்ஜி இனிமே ஜுர்ச்சென்னு சொல்லக்கூடாது, மஞ்சுன்னுதான் சொல்லணும்னு உத்தரவு போட்டார், அதுல இருந்துதான் அந்த பேர்.

ஜுர்ச்சென் ஆளுக்கு ஏன் மங்கோலிய பேரு? குடும்பப் பேரு என்ன?

மங்கோலியர் ஆண்ட காலத்தோட தாக்கம். மோங்கே தெமூர்னா 'நிலையான இரும்பு'ன்னு அர்த்தம். ஒதோலி கூட்டம் முதல்ல இருந்தது சுங்காரி ஆத்துப் பக்கம், இன்னைக்கு யிலான்னு சொல்ற ஊர சுத்தி, மங்கோலியருக்கு கீழ இருந்த சிற்றரசுகள்ல அதுவும் ஒண்ணு.

குடும்பப் பேர்லதான் குழப்பம். சிங் வம்சம் தன்னோட குலப்பேர் அய்சின் கியோரோன்னு சொல்லுச்சு, அய்சின்னா தங்கம், பழைய ஜின் பேரரசோட பேருக்கும் அதே அர்த்தம்தான். ஆனா கொரியாவோட பதிவுகள்ல மோங்கே தெமூர தோங்ன்னு ஒரு குடும்பப் பேரோட எழுதியிருக்காங்க, நூர்ஹாச்சி காலம் வரைக்கும் வெளியார் கூட பழகும்போது இந்த தோங் பேர்தான் ஓடுச்சு. அய்சின் கியோரோங்கிற பேருக்கு முக்கியத்துவம் வந்தது குடும்பம் அரசாகுற நேரத்துலதான்.

ரெண்டு ராஜாக்களுக்கு ஒரே நேரத்துல கட்டுப்பட்டிருந்தாராமே, அது எப்படி?

அவர் இருந்த இடம் அப்படி. 14-ம் நூற்றாண்டு கடைசில கூட்டத்த கூட்டிட்டு தெற்க வந்து துமென் ஆத்தங்கரைல ஒமோஹோய்ங்கிற இடத்துல குடியேறினார், இன்னைக்கு அது வட கொரியால ஹோயர்யோங். கொரியால அப்பதான் யி சோங்-க்யே ஜோசோன் அரச 1392-ல நிறுவியிருந்தார், அவரே வடகிழக்கு எல்லைல வளந்தவர், அவர் படைல ஜுர்ச்சென் தலைவர்கள் நிறைய பேர், மோங்கே தெமூரும் அந்த வட்டத்துலதான் வர்றார். ஜோசோன் இவருக்கு பட்டமும் கொடுத்துச்சு.

அந்தப் பக்கம் மிங் பேரரசர் யோங்லே எல்லா ஜுர்ச்சென் தலைவர்களையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டு இருந்தார். 1403-லயே ஹூர்ஹா கூட்டத்து தலைவர் அஹாசூவுக்கு ஜியான்ஜோ வெய் பட்டம் கொடுத்தாச்சு. மோங்கே தெமூர கூப்பிட்டும் தூதர் வந்தாங்க, ஜோசோன் தடுக்கப் பாத்துச்சு, ஆனா 1405-ல இவர் நான்ஜிங் போய் மிங் பட்டத்த வாங்கிட்டு வந்துட்டார். இடது வெய்ங்கிற தனி அமைப்பு அப்புறமா இவருக்காகவே வந்துச்சு.

இத துரோகம்னு எழுதுறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, பின்னாடி ஒரு பேரரசு, சந்தை அவங்க கைல, உப்பும் இரும்பும் துணியும் அவங்க கிட்ட இருந்துதான் வரணும்னா ஒரு தலைவன் வேற என்ன பண்ணுவான். 1410-ல ஜோசோன் படை பக்கத்துல இருந்த ஜுர்ச்சென்கள தாக்கி தலைவர்களயே கொன்னதும், 1411-ல இவர் கூட்டத்தோட மேற்க கிளம்பிப் போய்ட்டார். அங்க யோங்லேவோட மங்கோலியப் படையெடுப்புலயும் 1422-ல கலந்துக்கிட்டார். அடுத்த வருஷமே, 1423-ல, திரும்ப ஒமோஹோய்க்கே வந்தார், பொண்ணுங்க குழந்தைங்க எல்லாம் சேத்து 6,000 பேருக்கு மேல. அவ்வளவு ஜனத்த மாடு குதிரையோட காட்டு வழியா ரெண்டு தடவ நகத்தியிருக்கார்ங்கிறதே அவரு எப்படிப்பட்ட தலைவர்னு சொல்லும்.

எப்படி செத்தார்?

யாங் முதவூதான்னு ஒருத்தன், கைய்யுவான் பகுதில கலகம் பண்ணிட்டு அங்கிருந்த ஜனங்கள பிடிச்சுக்கிட்டு எல்லைக்கு வெளில ஓடி வந்தவன். அந்த ஜனங்கள மீட்க மிங் அதிகாரி வந்தப்ப மோங்கே தெமூர் அவருக்கு உதவி பண்ணார். அந்த பகைல யாங், 'ஏழு குலத்து காட்டு ஜுர்ச்சென்'னு பதிவுகள்ல வர்ற கூட்டத்த சேத்துக்கிட்டு 1433 கடைசில வந்து குடியிருப்ப கொளுத்தினான். மோங்கே தெமூரும் மூத்த மகன் அகுவும் அங்கயே செத்தாங்க. சின்ன மகன் சுங்ஷான பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்க. தம்பி ஃபான்ச்சா தப்பிச்சார். ஃபான்ச்சா கூடப் பொறந்த தம்பிதான், ஆனா அம்மா ஒண்ணு, அப்பா வேற.

இங்கதான் வம்சம் முதல் தடவ அறுந்து போகப் பாத்துச்சு. அந்த சந்தர்ப்பத்த ஜோசோன் ராஜா செஜோங் விடல, 1434-ல இருந்து துமென் ஆத்தோரமா கோட்டைகள் கட்ட ஆரம்பிச்சாங்க, அந்த ஆறு கோட்டைல ஹோயர்யோங்கும் ஒண்ணு. அதாவது இவங்க வீட்டு இடம் மேலயே அடுத்தவன் கோட்டை வந்துடுச்சு.

முத்திரைச் சண்டைன்னா என்ன?

எனக்கு இந்த கதைல ரொம்ப மனசுல நிக்கிறது இதுதான். மிங் அரசு ஒரு தலைவனுக்கு பட்டம் கொடுத்தா கூடவே ஒரு முத்திரை கொடுக்கும். அந்த முத்திரை குத்தின கடிதம் இருந்தாத்தான் திறை கட்ட பெய்ஜிங் போகலாம், பதிலுக்கு பட்டுத்துணி பரிசு வாங்கலாம், எல்லைச் சந்தைல வியாபாரம் பண்ணலாம். அந்த கைப்பிடி அளவு உலோகத்துலதான் மொத்த கூட்டத்தோட சோறும் இருந்துச்சு.

அண்ணன் செத்ததும் ஃபான்ச்சா தலைமைய எடுத்துக்கிட்டார், பழைய முத்திரை தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி மிங் கிட்ட புது முத்திரை வாங்கினார். அப்புறம் பாத்தா, பிடிச்சுட்டுப் போன பையன் சுங்ஷான பிணைப்பொருள் கொடுத்து மீட்டாச்சு, அவன் வந்து நிக்கிறான், அப்பாவோட பழைய முத்திரையும் அவன் கைல. ஒரே வெய்க்கு ரெண்டு முத்திரை, சித்தப்பன் ஒரு பக்கம் அண்ணன் மகன் ஒரு பக்கம். நடுவுல 1440-ல ரெண்டு பேரும் ஜோசோன் நெருக்கடி தாங்காம ஒமோஹோய விட்டுட்டு மேற்க, இன்னைக்கு லியாவோனிங் மாகாணத்துல இருக்குற சூஸி ஆத்துப் பக்கம் போய்ட்டாங்க, அங்க அஹாசூவோட பேரன் லி மான்ஜு இருந்தார். சண்டை மட்டும் தீரல. ஒரு முத்திரைய திருப்பிக் கொடுங்கன்னு மிங் அரசு சொல்லிப் பாத்துச்சு, ரெண்டு பேரும் கொடுக்கல. கடைசில 1442-ல பங்கு பிரிச்சு விட்டாங்க, சுங்ஷானுக்கு இடது வெய், ஃபான்ச்சாவுக்கு புதுசா வலது வெய். லி மான்ஜு கிட்ட இருந்த பழைய ஜியான்ஜோ வெய்யோட சேத்து மூணு வெய் ஆச்சு. பாகப்பிரிவினைன்னு சொல்றோமே, அதேதான்.

சுங்ஷானுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

பெரிய ஆளா வளந்தார், எல்லைல கொள்ளையும் அடிச்சார், திறையும் கட்டினார். 1467-ல பெய்ஜிங் போய்ட்டு திரும்புற வழில குவாங்னிங்ல மிங் அதிகாரிகள் பிடிச்சு வச்சு கொன்னுட்டாங்க. அதே வருஷம் மிங் படையும் ஜோசோன் படையும் ரெண்டு பக்கமும் நுழைஞ்சு ஜியான்ஜோ ஊர்கள கொளுத்தினாங்க, வயசான லி மான்ஜுவும் அதுல செத்தார். இது ரெண்டாவது அடி. ரெண்டு வருஷத்துல மிங் அரசே சுங்ஷானோட மூத்த மகன் தோலோவுக்கு பட்டத்த திருப்பிக் கொடுத்துச்சு, எல்லைல யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கணுமே.

மோங்கே தெமூர்ல இருந்து நூர்ஹாச்சி வரைக்கும் வரிசைய சொல்லுங்க

மோங்கே தெமூர் மகன் சுங்ஷான், அவர் மகன் சிபெவோச்சி ஃபியாங்கு, அவர் மகன் ஃபூமான், அவர் மகன் கியோசாங்கா, அவர் மகன் தாக்ஷி, அவர் மகன் நூர்ஹாச்சி, 1559-ல பொறந்தவர்.

இதுல கவனிக்க வேண்டியது, பட்டம் போனது தோலோ வழில. நூர்ஹாச்சி வந்தது கடைசி தம்பி வழில. ஃபியாங்குன்னாலே கடைக்குட்டின்னு அர்த்தம், சிபெவோச்சின்னா வேட்டைப் பருந்து வளக்குறவர். அதனால 'தலைவர் வம்சம்'னு சொன்னாலும் இது இளைய கிளைதான். ஃபூமான பத்தி மஞ்சு வம்சாவளில வர்ற அளவுக்கு மிங் பதிவுகள்ல தெளிவா எதுவும் இல்ல, அதனால வரிசையோட நடுப்பகுதிய சில வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகமாத்தான் பாக்குறாங்க. மோங்கே தெமூர், சுங்ஷான் ரெண்டு பேருக்கும், அந்தப் பக்கம் கியோசாங்கா, தாக்ஷி ரெண்டு பேருக்கும் வெளிநாட்டு பதிவுலயே ஆதாரம் இருக்கு.

'ஆறு பெய்ஸெ'ன்னு சொல்றது யார?

ஃபூமானோட ஆறு பசங்கள. தெஷிகு, லியோசான், சோசாங்கா, கியோசாங்கா, போலாங்கா, போஷி. மஞ்சுல நிங்குன்னா ஆறு, பெய்ஸென்னா தலைவர்கள், அதனால நிங்குதா பெய்ஸெ. கியோசாங்கா நாலாவது. அவர் சூஸி ஆத்துப் பக்கம் ஹெத்து ஆலாங்கிற ஊர்ல இருந்தார், மத்தவங்க சுத்துப்பட்டுல ஆளுக்கொரு சின்ன கோட்டை கட்டிக்கிட்டாங்க. கியோசாங்கா ஃபூஷுன் சந்தைக்கு ஆளுங்களோட வந்து போனது 1570-கள்ல மிங் சந்தைப் பதிவுலயே இருக்கு. அந்த சந்தைல ஜுர்ச்சென்கள் கொண்டு வர்றது குதிரை, தோல், தேன், காளான், ஜின்செங். வாங்கிட்டுப் போறது மாடு, கலப்பை இரும்பு, உப்பு, துணி. பின்னாடி பேரரசர்னு பட்டம் வாங்கின ஆளோட உண்மையான தொழில் இதுதான், இதுல குறைவா நினைக்க எதுவுமே இல்ல.

1583-ல குரே கோட்டைல என்ன நடந்துச்சு?

வாங் காவ்னு ஒரு ஜியான்ஜோ தலைவர் மிங் எல்லைய தொடர்ந்து தாக்கி 1575-ல பிடிபட்டு கொல்லப்பட்டார். அவர் மகன் அதாய் குரே கோட்டைல இருந்தான். அதாயோட மனைவி கியோசாங்காவோட பேத்தி, மூத்த மகன் லிதுனோட பொண்ணு. மிங் தளபதி லி செங்லியாங் படையோட வந்து கோட்டைய முற்றுகை போட்டார், அவருக்கு வழி காட்டினவன் நிகான் வைலான்னு இன்னொரு ஜுர்ச்சென்.

பேத்தி உள்ள இருக்காளேன்னு கியோசாங்கா கோட்டைக்குள்ள போறார். அவள வெளில அனுப்பச் சொல்லி கேக்குறார், அதாய் விடல. போன அப்பாவ காணோமேன்னு தாக்ஷியும் பின்னாடியே உள்ள போறார். அப்ப நிகான் வைலான் வெளில நின்னு, அதாய எவன் கொல்றானோ அவனே இந்த கோட்டைக்கு தலைவன்னு கத்துறான். உள்ள இருந்தவங்க அத நம்பி அதாய கொன்னு கதவ திறந்தாங்க, நுழைஞ்ச படை வித்தியாசம் பாக்காம வெட்டுச்சு. கியோசாங்காவும் தாக்ஷியும் அதுல போய்ட்டாங்க. பேத்திய காப்பாத்தப் போன தாத்தா, அப்பாவ தேடிப் போன மகன்.

மிங் அரசு தப்பு நடந்துடுச்சுன்னு சொல்லி உடல்கள திருப்பிக் கொடுத்துச்சு, கூடவே 30 அனுமதிப் பட்டயம், 30 குதிரை. நூர்ஹாச்சிக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு கிட்ட. நிகான் வைலான என் கைல கொடுங்கன்னு கேட்டார், கொடுக்கல. அப்பா விட்டுட்டுப் போன 13 கவசத்த வச்சு கிளம்பினார்னு மஞ்சு பதிவு சொல்லுது. 1586-ல நிகான் வைலான கொன்னார். 1618-ல மிங் மேல போர் அறிவிச்சு ஏழு குறைகள சொன்னப்ப முதல் குறையே என் தாத்தாவயும் அப்பாவயும் காரணமில்லாம கொன்னீங்கங்கிறதுதான். 35 வருஷம் ஆகியும் அது ஆறல.

சொந்தக்காரங்க நூர்ஹாச்சிக்கு துணையா நின்னாங்களா?

இல்ல, அதுதான் கொடுமை. தாத்தாவோட அண்ணன் தம்பி வழி பங்காளிங்கள்ல பல பேர் கோயில்ல சத்தியம் பண்ணி நூர்ஹாச்சிய கொன்னுட்டு நிகான் வைலான் பக்கம் சேரலாம்னு முடிவு பண்ணாங்க. இத எழுதி வச்சிருக்கிறது எதிரி இல்ல, அந்த வம்சத்தோட சொந்த வரலாறே எழுதி வச்சிருக்கு. ராத்திரில வீட்டுக்கு கொலைகாரங்க வந்ததும் அதுல இருக்கு. அவருக்கு பத்து வயசு வாக்குலயே அம்மா எமெசி இறந்துட்டாங்க, சித்தி கெஞ்செ பிரியமா வச்சுக்கலன்னும், பத்தொம்போது வயசுல கொஞ்சமா சொத்து கொடுத்து தனியா அனுப்பினாங்கன்னும் சொல்லுது. பின்னாடி நூர்ஹாச்சியும் அதே வழிலதான் போனார், கூடப் பொறந்த தம்பி ஷுர்ஹாச்சிய அடைச்சு வச்சார், அவர் 1611-ல இறந்தார், மூத்த மகன் சூயென் 1615-ல கொல்லப்பட்டான். படிக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா இத விட்டுட்டு இந்த குடும்பத்த புரிஞ்சுக்க முடியாது.

மேக்பை பறவை, மூணு தேவலோகப் பொண்ணுங்க கதை உண்மையா?

கதை இது: புல்ஹூரி ஏரில மூணு தேவலோக அக்கா தங்கச்சிங்க குளிக்கிறாங்க. மேக்பைன்னு கருப்பும் வெள்ளையுமா நீள வாலோட ஒரு பறவை, அது ஒரு சிவப்பு பழத்த கரைல போட்டுட்டுப் போகுது. கடைசி தங்கச்சி ஃபெகுலென் அத வாய்ல போடுறா, கர்ப்பமாகுறா, புகுரி யோங்ஷோன் பொறக்கிறான். அவன் மூணு குலத்துக்குள்ள நடந்த சண்டைய தீத்து ஒதோலில தலைவனாகுறான். சில தலைமுறை கழிச்சு ஜனங்க எதிர்த்து எழுந்து குடும்பத்தயே அழிக்கிறாங்க, ஃபான்ச்சாங்கிற பையன் மட்டும் ஓடுறான், அவன் தலைல ஒரு மேக்பை வந்து உக்காருது, தொரத்திட்டு வந்தவங்க பட்ட மரம்னு நினைச்சு திரும்பிடுறாங்க. அவன் வழில வந்த மெந்தெமு, பகைவங்க வாரிசு நாப்பது பேர ஹெத்து ஆலாவுக்கு வரவச்சு பாதிப் பேர கொன்னு பழி தீக்குறார்.

இத வரலாறு பக்கத்துல வச்சுப் பாருங்க. உண்மைல ஃபான்ச்சா மூதாதை இல்ல, தம்பி. தப்பிச்சது நிஜம். பகைவன பழி தீத்ததா சொல்ற மெந்தெமுதான் நிஜத்துல பகைவன் கைல செத்தவர். ஹெத்து ஆலா இருக்குற சூஸி ஆத்துப் பக்கம் கூட்டம் போனது அவர் செத்து ஏழு வருஷம் கழிச்சு. ஊர் பத்தி எரிஞ்சது, ஒருத்தன் மட்டும் தப்பிச்சது, இத அந்த குடும்பம் மறக்கல, இருநூறு வருஷத்துல பேரும் வரிசையும் மாறிப் போச்சு, அந்த பயம் மட்டும் மாறல. ஏரிக் கதை இன்னும் சுவாரசியம், 1635-ல அமூர் ஆத்துப் பக்கம் படையெடுத்தப்ப கொண்டு வரப்பட்ட முக்ஷிகெங்கிறவர் எங்க முன்னோர் புல்ஹூரி ஏரிப் பக்கம் இருந்தவங்க, இந்த கதை எங்க ஊர்ல வழிவழியா சொல்றதுன்னு சொன்னத எழுதி வச்சிருக்காங்க. ஆக அது வடக்கத்தி ஜுர்ச்சென்களோட பொதுக்கதை, இந்த குடும்பம் அத தன்னோட வம்சக்கதையா எடுத்துக்கிச்சு.

செத்தவங்களுக்கு பேரரசர் பட்டம் எப்ப கொடுத்தாங்க?

1636-ல ஹோங் தாய்ஜி சிங் பேரரச அறிவிச்சப்ப முன்னோருக்கு ராஜா பட்டம், 1648-ல பேரரசர் பட்டம். மோங்கே தெமூருக்கு ஜாவ்ஸூ, அதாவது வம்சத்த தொடங்கின மூதாதை. ஃபூமானுக்கு ஷிங்ஸூ, கியோசாங்காவுக்கு ஜிங்ஸூ, தாக்ஷிக்கு ஷியான்ஸூ. எண்ணிப் பாருங்க, நாலு பேர்தான். சுங்ஷானும் சிபெவோச்சி ஃபியாங்குவும் இல்ல. பிடிபட்டு, மீட்கப்பட்டு, முத்திரைக்காக நின்னு, வம்சத்த கரை சேத்த சுங்ஷானுக்கு அந்த பட்டியல்ல இடம் இல்லாதது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

மஞ்சள் பெல்ட், சிவப்பு பெல்ட்னா?

வம்சாவளிய இடுப்புல கட்டிக்கிற ஏற்பாடு. தாக்ஷியோட வாரிசுகள், அதாவது நூர்ஹாச்சி, அவர் கூடப் பொறந்தவங்க வழி வந்தவங்க மஞ்சள் கச்சை. மத்த பங்காளி வழி எல்லாம் சிவப்பு கச்சை. 1583-ல எவன் பையன்ங்கிறத வச்சு 1900-ல ஒருத்தனோட உதவித்தொகை தீர்மானமாச்சு. குடும்பப் பதிவேட்ட பத்து வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா எழுதுவாங்க, உயிரோட இருக்கவங்க பேர் சிவப்பு மையில, இறந்தவங்க பேர் கருப்பு மையில.

வாரிசுகள் இப்ப இருக்காங்களா?

நிறைய பேர். 1912-ல கடைசி பேரரசர் பூயி பதவி விட்டதுக்கு அப்புறம் அய்சின் கியோரோ பேர வச்சுக்கிறது ஆபத்தாச்சு, பல குடும்பங்க ஜின்னு மாத்திக்கிட்டாங்க, அதுக்கும் தங்கம்னுதான் அர்த்தம்.

மோங்கே தெமூர் கல்லறை எங்க இருக்கு?

லியாவோனிங் மாகாணம் ஷின்பின்ல யோங்லிங்னு ஒரு கல்லறை வளாகம், ஹெத்து ஆலாவுக்கு பக்கத்துலயே, 2004-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு. நாலு பேரரசர் பட்டத்துக்கும் நாலு கல்வெட்டு மண்டபம் வரிசையா நிக்குது. ஃபூமான், கியோசாங்கா, தாக்ஷி மூணு பேரும் அங்க இருக்காங்க. மோங்கே தெமூருக்கு இருக்கிறது உடுப்ப மட்டும் வச்சு மூடின மேடு, உடல் அங்க இல்ல. அவர் செத்தது கிழக்க ரொம்ப தூரத்துல, துமென் ஆத்தங்கரைல, வீடு எரிஞ்ச ராத்திரில.